பதினோரு முறை

குமணன்சாவடி, மாலை நான்கு பத்து. ஆவடி பஸ்ஸுக்காக நிற்கிறேன். டீக்கடை டேப் ரெக்கார்டரில் ஒரு கிளாரினெட் ஒரே வரியைப் பதினோரு முறை வாசிக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வளைத்து. என்னிடமுள்ள ஜாஸ் கேசட்டுகளில்கூட இந்தத் துணிச்சல் இல்லை. மனம் கேட்டால்தான் வாசிப்பு இப்படி நீளும் என்பது என் இருபது வருடக் கட்சி.

யார் வாசித்தது என்று கேட்கிறேன். பெஞ்சில் டீ குடிப்பவர் கை தூக்குகிறார். கல்யாண பேண்டுக்காரர்.

"நான்தான் சார். இந்தக் கடைக்காரரு தம்பி கல்யாணத்துல புடிச்ச டேப்பு. இதே ரோட்டுல ஊர்வலம், குறுக்க ஒரு லாரி. லாரி வழி உட்டாத்தானே தாண்ட முடியும்? அதான் அதையே திருப்பித் திருப்பி ஊதிக்கினு இருந்தேன்."

நோட்டில் 'காரணம்: லாரி' என்று எழுதுகிறேன்.

"லாரி போனதும் நிறுத்திட்டீங்களா?"

"எங்க நிறுத்துனான்?" என்கிறார் கடைக்காரர். "ரோடு காலி. நான் முதுகுல தட்டலேன்னா இன்னும் ஊதிக்கினு இருப்பான்."

"ஏன் ஊதினீங்க?"

"தெர்ல சார். உட மனசு வர்ல."

எழுதியதை அடிக்கிறேன். பதினொன்றில் எதுவரை லாரி, எங்கிருந்து மனம்? மறுபடி போடச் சொல்லி, விரல் விட்டு எண்ணுகிறேன். ஆறாவதில் ஆவடி பஸ் வந்து போகிறது.