பொட்டுக்கடியில் ஒரு கட்டி

என் மனைவியின் நெற்றியில், பொட்டு ஒட்டும் அதே இடத்தில், ஒரு சிறு கட்டி வந்தது. ஒட்டுப்பொட்டின் பசைதான் காரணம் என்று இருவரும் முடிவுகட்டினோம். வெள்ளவத்தைக் கடைகளில் கிடைத்த பொட்டுகளையெல்லாம் மாற்றிப் பார்த்தோம். கட்டி வளர வளர, அதை மறைக்கும் பொட்டும் வளர்ந்தது. இரண்டு மெத்தப் படித்த மூளைகள்! ஒருநாள் பொட்டை உரிக்கும்போது இரத்தம் வந்த பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

"இது வேர்வைச் சுரப்பியில வாற கட்டி. உள்ளங்காலில கண்டிருக்கிறன். நெத்தியில வாறது நல்லாக் குறைவு," என்றார் அவர். "அநேகமாப் பயப்பிட ஒண்டுமில்லை. எண்டாலும் வெட்டி எடுத்து அனுப்பிப் பாப்பம்."

அந்த 'அநேகமா' என் நித்திரையைக் கெடுத்தது. தையலும் பிரித்தாயிற்று, ரிசல்ட் வரவில்லை. புண் நன்றாக ஆறும்வரை பொட்டு, குங்குமம் எதுவும் கூடாதாம். லாபுக்கு போன் எடுத்தால், "தவம நே," இன்னும் இல்லை என்று சிங்களத்தில் ஒரே பதில். கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது? அவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள்.

அப்போதுதான் லண்டனில் மகளோடு இருந்துவிட்டுத் திரும்பிய மேல்மாடி அக்கா பெல் அடித்தார். கதவைத் திறந்த மனைவியின் வெறும் நெற்றியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக் குழறினார்.

"ஐயோ பிள்ளை! எப்ப நடந்தது? எனக்கொருத்தரும் சொல்லேல்லையே!"

நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். மனைவி மறுக்கவில்லை. அந்தத் தோளில் சாய்ந்து, அத்தனை நாளும் அடக்கியதையெல்லாம் அழுதாள்.

தண்ணி கொதித்த கேத்தில் இரைச்சலில் இது எதுவும் கேளாமல், குசினியிலிருந்து நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தேன். "சீனிப் போத்தல் எங்கயப்பா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் விழுந்தார். பிறகு சிரித்தார். மனைவி அழுகையை நிறுத்தவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையும் கையுமாக நின்றேன்.

அடுத்த கிழமை ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. டொக்டரைக் கண்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நான் உயிரோட வந்து நிண்ட பிறகும் ஏனப்பா அப்பிடி அழுதனீர்?"

"நான் போயிட்டா, சீனிப் போத்தல் எங்க எண்டு ஆரிட்டக் கேப்பியள்?"

ரோட்டைக் கடக்க அவள் கையைப் பிடித்தேன். மறுபக்கம் போன பிறகும் விடவில்லை.