தையல்காரி வீட்டில் அழுதது யார்

குழந்தையுமில்லை, குட்டியுமில்லை! தையல்காரி வீட்டில் அழுதது அவளுடைய எலக்ட்ரிக் கிட்டார். கல்யாணமாகாதவள் வீட்டில் பிள்ளைச் சத்தம் என்று தெரு முழுக்கக் காதைக் கடித்தார்களே, ஒருவராவது கதவைத் தட்டிக் கேட்டார்களா?

ஓர் இசைக் குழு அவளை வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தது. அவர்கள் பாட்டுக்குக் கிட்டார் விம்மி அழ வேண்டும். அதற்குக் காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை வளைக்கும் ‘வா-வா’ பெடல் என்ற கருவி வேண்டும். இசைக் கருவிக் கடைக்காரர் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள்.

“அக்கா, காதால கேட்டு வாங்குங்க. செருப்புக் கடைக்கா வந்திருக்கீங்க?”

“இருபது வருஷமா தையல் மிஷின் மிதிக்கிற காலு தம்பி. இது வழுக்கிட்டு ஓடுது. அந்தக் கறுப்ப எடுங்க.”

கறுப்புப் பெடல் கால் விட்ட இடத்திலேயே நின்றது. குதிகாலால் அழுத்தினால் முனகியது, விரல்களால் அழுத்தினால் வீறிட்டது. அதையே வாங்கி ஒரு வாரம் பழகினாள். அந்த அழுகைக்குத்தான் தெரு பெயர் வைக்காத குறை.

வாசிக்கப் போகும் நாளில் கிட்டாரும் பெடல் வைத்த பையுமாக வாசலைத் தாண்டினாள். எதிர்வீட்டுச் சித்தி மறித்தாள்.

“எங்கடி அந்தப் பிள்ள?”

“பைக்குள்ள தூங்குது சித்தி. அங்க போய் ஒரு மிதி மிதிச்சா எழுந்துக்கும்.”

சித்தி வாயைப் பிளந்தாள். தையல்காரி சிரித்துக்கொண்டே நடந்தாள்.