பெஞ்சில் உட்கார்ந்த சாமியார்

எங்கள் குடும்பத்தில் ஒரு சாமியார் இருந்தார். அப்பாவின் தம்பி. சாமி சித்தப்பா என்று கூப்பிடுவோம். அவர் குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்பாவே தன் தம்பியை ‘வாங்க சாமி’ என்றுதான் கூப்பிட்டார். தூக்கி வளர்த்த பிள்ளைக்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். சிரித்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

சித்தப்பாவைக் குருமடத்தில் கொண்டுபோய் விட்டது அப்பாதான். பக்தி மட்டும் அதற்குக் காரணமில்லை. எங்கள் தாத்தா குடித்தே செத்தவர். மன்னார்குடிச் சாராயக்கடை வாசலிலிருந்து அவரைத் தூக்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் கிடத்தி ஊருக்கு ஓட்டிவருவது பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பாவின் வேலையாகிவிட்டது. இந்த வீட்டில் குடிக்காத ஆண்பிள்ளை ஒருத்தனாவது இருக்கட்டும், கோயிலுக்குள் போய்விட்டால் கடைப் பக்கம் போகமாட்டான் என்று நினைத்தார். பூசைக்கு வைக்கும் திராட்சை மதுக் கிண்ணம் கோயிலுக்குள்ளும் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் எனக்குப் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். என்னோடு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார் கொடுப்பார். எனக்கு மட்டும் என் சொந்தச் சித்தப்பா பூசைப் பலி வைத்துத் தன் கையால் கொடுப்பார். இதை நான் ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்திருந்தேன். எனக்கு முன்பே அப்பா சொல்லிவைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு மறைக்கல்வி நடத்திய சிஸ்டர், மந்திரிக்காத வெறும் அப்பத்தை வைத்து நாக்கை நீட்டப் பழக்கினார். கடிக்கக் கூடாது, மேலண்ணத்தில் ஒட்டினால் விரலை விடக் கூடாது. சாதாரண ஞாயிறுகளில் பெரியவர்களுக்கு அப்பம் மட்டும்தான் கிடைக்கும். புது நன்மைப் பிள்ளைகளுக்கு அன்று ஒருநாள் அதைக் கிண்ணத்துத் திராட்சை இரசத்தில் தொட்டுக் கொடுப்பது எங்கள் பங்கில் வழக்கம். அதனால் எங்கள் பேச்செல்லாம் இரசத்தைப் பற்றியே இருந்தது. பன்னீர் சோடா மாதிரி இருக்கும் என்றான் ஒருவன். வலங்கைமானிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த அத்தை மகளுக்கும் அன்றுதான் புது நன்மை. “போடா, இருமல் மருந்து மாதிரி இருக்கும். எங்கப்பா சொன்னாரு” என்றாள். நான் இரண்டையும் கலந்து ஒரு ருசியை உண்டாக்கி வைத்திருந்தேன்.

சித்தப்பா சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். எப்போதும் வெள்ளை அங்கியில் வருகிறவர், கால்சட்டையும் சட்டையுமாக இறங்கினார். மெலிந்திருந்தார். அங்கே வடக்கே சரியான சாப்பாடு இல்லை என்று அம்மா முடிவு செய்து கோழியை அடித்தாள்.

அவர் வடக்கே மலைக்கிராமங்களுக்கு நடுவில் ஒரு மிஷனில் தனியாக இருந்தவர். பாஷை பிடிபடவில்லை, பேச ஆளில்லை, குளிர். பலிக்கு வைத்திருந்த இரசத்தில் தொடங்கி, அந்த ஊர்க்காரர்கள் பூவிலிருந்து காய்ச்சும் சாராயம் வரை போயிருக்கிறார். சபைப் பெரியவர்கள் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளியே அனுப்பும்போது டாக்டர் ஒரு துளிகூடக் கூடாது என்றாராம். பலி வைக்கிற குருவானாலும் சரி, அவர் பக்கத்தில் நின்று சேர்ந்து வைக்கிற குருவானாலும் சரி, கிண்ணத்திலிருந்து அருந்தித்தான் ஆகவேண்டும். ஒரு வாய்தான். அந்த ஒரு வாய்க்குப் பயந்து அவர் பீடத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தார். இதையெல்லாம் பல வருடங்கள் கழித்து, அவர் இறந்த செய்தியோடு வந்த இன்னொரு சாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பைச் சாப்பிட்ட அன்று அவர் குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. தாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணனிடம் போய் அதை எப்படிச் சொல்வார்?

மறுநாள் காலை கோயிலில் மைக் கட்டி, தோரணம் கட்டி, மன்னார்குடி உறவெல்லாம் வந்து இறங்கியிருந்தது. பெண்பிள்ளைகள் நாங்கள் வெள்ளை கவுனும் தலையில் காகிதப்பூ முடியுமாக வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தேன். சாமி சித்தப்பா பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் போகாமல், ஆண்கள் பக்கம் வயசாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் இரண்டு கையிலும் பூசை அங்கியை ஏந்திக்கொண்டு அவரிடம் போனார். “சாமி, பங்குச் சாமி கூப்பிடுறாங்க. உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க.”

“இன்னிக்கு நான் வைக்கலைங்க. சொல்லிடுங்க.”

“ஒடம்புக்கு எதுவுங்களா?”

“இல்லைங்க. இங்கேயே இருந்து பூசை பாத்துக்கிறேன்.”

உபதேசியார் அங்கியோடு அப்படியே நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து என் அத்தை, தாழ்ந்த குரல் என்று தான் நம்பிய குரலில், “பூசை வைக்க வந்தவரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி வந்து உக்காந்திருக்காரே” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா எழுந்து பெஞ்சருகே போய்க் குனிந்தார்.

“வாங்க சாமி. பிள்ளை ஆசையா நிக்கிது.”

“வேண்டாண்ணே.”

“ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்ண்ணே. பூசை நடக்கட்டும்.”

“டேய், எந்திரிடா!”

கோயில் முழுக்கக் கேட்டது. அப்பா அந்த ‘டேய்’க்குத் தானே திடுக்கிட்டவர் போலத் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் காத்திருந்து பார்த்துவிட்டுப் பாட்டை ஆரம்பிக்கச் சொன்னார்.

பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை உயர்த்தி மணியடித்தபோது எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். கோபத்தில் ஆண்டவரைக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

பங்குச் சாமியார் நல்ல மனுஷர். நற்கருணை கொடுக்க இறங்கி வந்தவர், என் முறை வந்ததும் நிறுத்திவிட்டுப் பெஞ்சைப் பார்த்துக் கைகாட்டிக் கூப்பிட்டார். பலி வைக்காவிட்டாலும் ஒரு குரு நற்கருணை கொடுக்கலாம். அப்பாவுக்கு மானம் போகாமல் இருக்கட்டும், பிள்ளைக்கு ஆசை தீரட்டும் என்று நினைத்திருப்பார். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். உபதேசியார் அவர் சட்டைக்கு மேலேயே, குருமார் கழுத்தில் போடும் ஸ்டோல் பட்டையைப் போட்டுவிட்டார். தட்டிலிருந்து அவர் அப்பத்தை எடுத்தார். பங்குச் சாமியார் கிண்ணத்தை அவர் முகத்துக்குக் கீழே, தொட்டுக்கொள்ள வாகாக நீட்டினார்.

அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். போன மாதம் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் என் மகன் காபி டம்ளரைப் பிடித்திருந்த விதத்தில் அதைப் பார்த்தேன். சென்னையில் வேலை பார்க்கிற பையன். ஃபோனில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். காபி சட்டையில் சிந்தியது. “ஒண்ணுமில்லம்மா, சூடா இருக்கு” என்றான். சூடு இல்லை, ஆற்றிக் கொடுத்தவள் நான்தான். அவன் இப்போது வீட்டில் இருக்கிறான். குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் நான் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். மச்சினர் மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றான். ஊர் என்ன பேசும், தலையை மட்டும் காட்டிவிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதிருந்து இந்தப் பெஞ்சும் சித்தப்பாவும்தான் எனக்கு ஞாபகம்.

கிண்ணம் நீட்டியபடி இருக்க, சித்தப்பா அப்பத்தை அதற்குள் தொடவில்லை. அதைத் தாண்டிக் கையைக் கொண்டுவந்து, “கிறிஸ்துவின் திருவுடல்” என்று மட்டும் சொன்னார். ஆமென் என்றேன். காய்ந்த அப்பம் நாக்கில் உட்கார்ந்தது. மீதி வரும் என்று வாயைத் திறந்தபடியே நின்றேன். சிஸ்டர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். சித்தப்பா ஸ்டோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார்.

வெளியே வந்ததும் அத்தை மகள் நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினாள். “எனக்கு இனிச்சுதே! உனக்குப் பாதி நன்மைதான்டி.” நான் பந்தலடியில் அழுதேன். அப்பத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னது எனக்கு ஏறவில்லை.

பந்தி நடக்கும்போது அப்பா சித்தப்பாவை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. “பொம்பளை விவகாரமா? சொல்லித் தொலைடா. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களா?” சித்தப்பாவின் குரல் கேட்கவே இல்லை. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அத்தை வழியாக அது பந்திக்கும் வந்து, சாயங்காலத்துக்குள் மன்னார்குடி வரைக்கும் போய்விட்டது. சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. வடக்கே கன்னியர் மடத்தில் சமையல்காரம்மாவோடும் விடுதிப் பிள்ளைகளோடும் தினமும் பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்தாராம். இரசத்துக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாறு வைத்துப் பலி வைக்க அனுமதி வந்தபோது ஈரல் போயிருந்தது. விட்டதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை என்று சாவுச் செய்தி கொண்டுவந்த அந்தச் சாமியார் சொன்னதும், அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

புது நன்மை அன்று மத்தியானப் பஸ்ஸுக்குச் சித்தப்பா சாப்பிடாமல் கிளம்பினார். வழியனுப்ப யாரும் போகவில்லை. நான் கவுனோடு பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓடினேன். பாசத்தில் இல்லை, நியாயம் கேட்க.

“எனக்கு மட்டும் ஏன் சித்தப்பா தொட்டுத் தரல?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அறுத்துக் கிடந்த வயல் வெடித்திருந்தது. எங்கேயும் நிழல் இல்லை. என் தலையிலிருந்த காகித முடி சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்தார்.

“என் கையால வேண்டாம்மா” என்றார். “வேற யாராவது குடுத்தாக்கூட, அப்புறம் பாத்துக்கிறேன்னு சொல்லிடு. என் கையால மட்டும் வேண்டாம்.”

அப்பா மேல் இருந்த கோபத்தை என்மேல் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்து, அவர் ஏறி, ஜன்னல் வழியாகக் கை காட்டினார். என் பங்கைத் தராமல் எடுத்துக்கொண்டு போகிறவரைப் பார்ப்பது போல நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.