கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கை

கிருபாவதிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அந்தக் கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அப்படிப்பட்டவள் இத்தனை வருஷம் ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில் குப்பை கொட்டியிருப்பாளா? அவளுடைய கோபம் அடிவயிற்றில் இருந்தது. அது மேலே ஏறி வாய்க்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் ஆய்வேட்டை எழுதி முடித்தாள். கணவர் தாமஸ் பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். அவர் சாதுவான மனிதர். வீட்டுக்கு ஒரு கோபக்காரர் போதும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே, சரிபார்க்க என்று சொல்லி அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டாக்டர் பட்டம் வரைக்கும் எல்லாம் தாளாளரின் லாக்கருக்குள் போயின. இன்னும் சரிபார்த்து முடியவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் இதே கதைதான். வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் லாக்கர் திறக்காது. அவள் எழுதிய கட்டுரைகளில் அவள் பெயருக்கு முன்னால் பிரின்சிபால் வின்ஸ்டனின் பெயர் ஏறிக்கொண்டது. அந்த மனிதர் அவற்றில் ஒரு பக்கத்தையாவது படித்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள். படிக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தினாள், விடைத்தாள் திருத்தினாள், மே மாதமானால் வெயிலில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்தாள். அட்மிஷன் டியூட்டி என்று அதற்குப் பெயர்.

அப்படிப் போன ஒரு மே மாதத்தில்தான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அப்துல் வஹீதைப் பார்த்தாள். கொப்பரை வியாபாரி. மகனைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போனவள், அவருடைய களத்தில் கொப்பரை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். நல்லது ஒரு பக்கம், பூஞ்சை பிடித்தது ஒரு பக்கம். பூஞ்சை பிடித்த ஒரு மூடி கலந்துவிட்டால் எண்ணெய் முழுக்கக் கெட்டுவிடும் என்றார் அவர். ஆள் கிடைக்காத சீசனில் கலந்துதான் போகிறது என்றும் சொன்னார். அவர் மகன் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டான். கிருபாவதிக்கு அது அப்புறம் ஞாபகமே வரவில்லை. கேமரா பார்த்துச் சொல்ல, ஒரு ரோபோ கை எடுத்துப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. மத்திய அரசுக்கு விண்ணப்பம் எழுதினாள். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினாள். கடைசியில் நிதி வந்தது, கப்பலில் ரோபோ கையும் வந்தது.

பெட்டியைப் பிரித்த வாரமே தாளாளர் சீனிவாசலு அதைப் பார்த்துவிட்டார். ஸ்பின்னிங் மில் முதலாளி, மில்லை விற்றுக் கல்லூரி கட்டியவர். பார்த்தவுடன் அவருக்குப் பிடித்துப்போனது. இரண்டாம் மாடி லேபில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். கையைக் கீழே வரவேற்பறைக்கு இறக்கி, கிரானைட் மேடையில் போல்ட் போட்டு முறுக்கி, சுற்றிலும் கண்ணாடிக் கூண்டு கட்டினார்கள். அதற்கு இரண்டு பிளாஸ்டிக் கண்களை ஒட்டினார்கள். கழுத்து என்று அவர்கள் முடிவு செய்த இடத்தில் டை கட்டினார்கள். பெற்றோர் உள்ளே வந்ததும் ரிசப்ஷன் பெண் ஒரு பொத்தானை அமுக்குவாள். கை மெல்ல எழுந்து கூண்டின் ஜன்னல் வழியாக ஒரு ரோஜாப்பூவை நீட்டும். ஸ்பீக்கர் வணக்கம் சொல்லும். கைதட்டுவார்கள். இந்தக் கூத்துக்கா அவள் வருஷக்கணக்கில் விண்ணப்பம் எழுதினாள்?

திருப்பிக் கேட்டாள். அட்மிஷன் முடியட்டும் என்றார்கள். ஆயுத பூஜை போகட்டும் என்றார்கள். பட்டமளிப்பு விழா ஆகட்டும் என்றார்கள். அதற்குள் அடுத்த அட்மிஷன் வந்துவிட்டது. ஒரு சலுகை கொடுத்தார்கள்: நாலு மணிக்கு மேல் பெற்றோர் போன பிறகு அவள் கூண்டுக்குள் வேலை பார்க்கலாம், போகும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும். முனைவர் கிருபாவதி ஒவ்வொரு சாயங்காலமும் கொப்பரை மூட்டையை இழுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தாள். கூண்டின் விட்டத்தில் கேமராவைப் பொருத்தினாள். கேமரா பார்க்கும் இடத்துக்கே கை போக வேண்டும். இரண்டையும் இணங்க வைப்பதற்குள் அவளுக்குப் பாதி தலை நரைத்துவிட்டது. கை கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு, கொப்பரை ஓரிடத்தில் இருக்க வெறும் காற்றைப் பிடித்துத் தூக்கும். வேலை முடிந்ததும் வாசனை போக ஃபினாயில் தெளித்துத் துடைத்தாள். தாளாளருக்குக் கொப்பரை வாசனை ஆகாது.

இந்த ஜூன் மாதம் நிதி கொடுத்த துறையிலிருந்து நிபுணர்கள் நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கை வேலை செய்தால் திட்டம் தொடரும், அடுத்தது வஹீதின் களத்துக்கே போகலாம். செய்யாவிட்டால் அத்தோடு மூடிவிடுவார்கள், கை ரோஜா நீட்டியே துருப்பிடிக்கும். முந்தின நாள் மத்தியானம் வின்ஸ்டன் அவளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து மனமுருகப் பாடுகிறவர்.

"மேடம், மெஷின் லேப்லதான் இருக்கணும்னு ரூல்ஸ். நாளைக்குக் காலையில நாலு பசங்கள விட்டு மேல ஏத்திப்போடலாமுங்க. கமிட்டி மத்தியானம் கிளம்பிரும். உடனே கீழ இறக்கிரலாம். சாயங்காலம் பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்குது பாருங்க."

"நகத்தக் கூடாதுங்க சார். கேமராவும் கையும் இங்க வெச்சுத்தான் செட் பண்ணியிருக்கறேன். எடுத்தா எல்லாம் போயிரும். மறுபடி செட் பண்ண வாரக்கணக்குல ஆகுமுங்க."

"சோபாவையே தூக்கிட்டுப் போறாங்க மேடம். இதென்னங்க பெரிய விஷயம்."

"இது சோபா இல்லீங்க சார்."

"தாளாளர் சொல்லிட்டாருங்க," என்றார் வின்ஸ்டன். அவருக்கு அதற்கு மேல் எந்தக் கேள்வியும் கிடையாது. பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து தலையாட்டுவதைத் தவிர அவர் செய்த வேலை வேறொன்றும் இல்லை.

கிருபாவதி வெளியே வந்தாள். இந்த ஆட்கள் கூண்டில் அடைத்து வைத்ததை அவள் நிபுணர்களுக்கு இயக்கிக் காட்டியாக வேண்டும், அதையும் அவர்கள் சொல்லும் பொய்க்கு ஒத்துப் பாடிக்கொண்டே செய்ய வேண்டுமாம். வரவேற்பறைக்குப் போனாள். மேடையில் கையை முறுக்கியிருந்த போல்ட்டுகளைக் கழற்றும் தடித்த அலன் கீ கூண்டுக்குள்ளேயே தொங்கியது. அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் வஹீதுக்குப் போன் செய்து, காலையில் ஒரு மூட்டையோடு வரச் சொன்னாள்.

மறுநாள் அவள் வந்தபோது வரவேற்பறையே அமளிப்பட்டது. நாலு மாணவர்கள் ரோபோ கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், போல்ட் அசையவில்லை. ஒர்க் ஷாப்பில் கேட்கலாம் என்றால் அது பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த பேராசிரியர் அட்மிஷன் டியூட்டிக்குக் கொடுமுடிக்குப் போயிருந்தார்.

"ஏனுங்க மேடம், அந்த அலன் கீ எங்கீங்க?" என்றார் வின்ஸ்டன். சட்டை நனைந்திருந்தது.

"என் பையில இருக்குதுங்க சார்."

"கொடுங்க."

"கொடுக்க மாட்டேனுங்க."

அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே நிபுணர்களின் கார் வாசலில் நின்றது. தாளாளர் சால்வையோடு வாசலுக்குப் போனார். அட்மிஷனுக்கு வந்த பெற்றோர் ஏற்கெனவே சோபாக்களில் நிரம்பியிருந்தார்கள். குழுவின் தலைவர் வேங்கடசாமி, வேளாண் இயந்திரங்களில் ஆயுளைக் கழித்த பேராசிரியர், சால்வையை வாங்கிக்கொண்டு லேப் எங்கே என்று கேட்டார்.

"இதுதானுங்க லேப்," என்றாள் கிருபாவதி.

கூண்டின் கதவைத் திறந்து, முதலில் அந்தப் பிளாஸ்டிக் கண்களைப் பிய்த்து எடுத்தாள். டையை உருவினாள். காலையிலேயே வந்து காத்திருந்த வஹீது மூட்டையை அவிழ்த்து மேடையில் கொட்டினார். தூசு பறந்து சோபாக்காரர்கள் மீது படிந்தது, வரவேற்பறை முழுக்கக் கொப்பரை வாசனை. கை எழுந்தது. வெள்ளை மூடியை எடுத்து இடப்பக்கக் கூடையில் போட்டது, கறுத்ததை எடுத்து வலப்பக்கம் போட்டது. இடையில் ஒரு நல்ல மூடியைக் கெட்டது என்று தள்ளியது. அவள் மறைக்கவில்லை, ஓரம் கருகியதைப் பூஞ்சை என்று நினைத்துக்கொள்கிறது என்று விளக்கினாள். பெற்றோர் எழுந்து வந்து கண்ணாடியை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. "எங்க களத்துக்கு இப்படி ஒண்ணு எப்பங்க கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனையும் பொறுத்திருந்தாள்.

"இந்த மெஷின் எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று கேட்டார் வேங்கடசாமி.

"இல்லீங்க சார், இன்னைக்கு மட்டும் பேரன்ட்ஸ் பார்க்கட்டும்னு," என்று ஆரம்பித்தார் வின்ஸ்டன்.

"பெட்டி பிரிச்ச வாரமே இங்க வந்துருச்சுங்க," என்றாள் கிருபாவதி. "பகல்ல வர்றவிங்களுக்கு ரோஜாப்பூ கொடுக்குமுங்க. நாலு மணிக்கு மேலதான் எனக்கு."

வேங்கடசாமி தாளாளரைப் பார்த்தார். சீனிவாசலு வெட்கப்படுகிற ஆளா? முகமெல்லாம் சிரிப்பு. கண்ணாடியை மொய்த்து நின்ற கூட்டத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ரோஜாப்பூவ விட இது பிரமாதமா இருக்குது. நாளையில இருந்து தெனமும் இதையே வெச்சுப்போடலாம். அந்த வாசனை மட்டும் வராம பார்த்துக்குங்க."

அடிவயிற்றில் கிடந்த கோபம் அப்போதுதான் மேலே வந்தது. கிருபாவதி கைப்பையைத் திறந்து அலன் கீயை எடுத்தாள். மேடைமேல் குனிந்து முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்தாள்.

வின்ஸ்டன் அவள் காதோரம் வந்து குனிந்தார். "மேடம், பார்த்துச் செய்யுங்க. உங்க சர்டிஃபிகேட்டெல்லாம் எங்க இருக்குதுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

அவர் காதோரம் சொன்னதற்கு அவள் நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். ஆனால் பார்த்தது அவரை அல்ல, தாளாளரை.

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க. பத்தாவதுல இருந்து டாக்டரேட் வரைக்கும் என்னோட ஒரிஜினல் எல்லாம் உங்க லாக்கர்லதான் இருக்குது. இங்க வேலை பார்க்கற எல்லாரோடதும் அதுக்குள்ளதான் கெடக்குது. கூண்டு இப்ப காலியாயிருமுங்க சார். அதையெல்லாம் கொண்டுவந்து இதுக்குள்ள வெச்சுப்போடுங்க. வர்றவிங்க அதையும் பார்க்கட்டும்."

தாளாளரின் சிரிப்பு நின்றது. வேங்கடசாமி பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். கடைசிப் போல்ட் கழன்றது. பாடுபட்டு இணங்க வைத்ததெல்லாம் அந்த நொடியே குலைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். மறுபடி செட் பண்ணிக்கொள்ளலாம், லேபில், பட்டப்பகலில். வஹீது அடிப்பக்கத்தைத் தூக்க, அவள் மேல்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொள்ள, இருவரும் படியேறினார்கள்.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது, மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா தாளாளரிடம் கேட்பது மேலே வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க, எம் பொண்ணோட சர்டிஃபிகேட்டையும் அப்படித்தான் வாங்கி வெச்சுக்குவீங்களா?"

கிருபாவதி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு ரோபோ கையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.