தகர டப்பா மிளகாய்

துபாயில், அல் கூஸில் நான் வேலை பார்த்த பட்டறையில் தமிழ் பேச வேறு ஆளில்லை. மதியம் எல்லோரும் ஊர் ஊராகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எதிலும் சேராமல் மிஞ்சியது நானும், புது இயந்திரம் பொருத்த வந்த மெக்ஸிகோக்காரரும்தான். அந்த நாட்டின் வட எல்லையில் அவர் ஊர். வீட்டு மாடியில் நின்றால் அமெரிக்காக்காரன் போட்ட வேலி தெரியுமாம்.

உடைந்த ஆங்கிலத்தில் நாங்கள் பேசியது முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றித்தான். மைதாவில் அகலமாக, மெல்லிசாக ரொட்டி சுட்டுத் துணியில் பொதிந்து கொண்டுவருவார். உள்ளே வேகவைத்து மசித்து வதக்கிய பயறு. சில நாள், உப்பிட்டுக் காயவைத்த இறைச்சியை இடித்து முட்டையோடு கிளறியது. அட, நம் உப்புக்கண்டம்! அறை மாடியில் அவரே காயவைத்ததாம்; துபாய் வெயிலுக்கு அந்த ஒரு புண்ணியமாவது உண்டு. மாட்டிறைச்சி என்றதும் நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து எனக்கென்று ஒரு பயறு ரொட்டி தனியாக வந்தது.

அவர் சட்டைப்பையில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். அதில் மிளகைவிடச் சற்றே பெரிய உருண்டை மிளகாய். யாரும் பயிரிடாமல் மலையில் தானாக விளைவது, அவர் அம்மா பறித்துக் கொடுத்தது. தினம் இரண்டே இரண்டை நசுக்கித் தூவிக்கொள்வார். சரியான கஞ்சன் என்று நினைத்தேன்.

ஒருநாள் டப்பாவை என்னிடம் நீட்டி, "பார்த்து, பயங்கரக் காரம்" என்றார். ராமநாதபுரத்துக்காரனிடமா இந்தப் பேச்சு? வீறாப்பில் டப்பாவை அப்படியே என் சோற்றில் கவிழ்த்துப் பிசைந்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டக் கொட்ட, கடைசிப் பருக்கைவரை தின்றேன். அவர் சிரித்துக் கைதட்டினார்.

மறுநாள் பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்தவர், மோந்து பார்த்துவிட்டு மூடினார். அவர் ஊருக்குப் போக இன்னும் பத்து மாதம் இருந்தது. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் ஊருக்குப் போனவன், எங்கள் ஊர்க் குண்டு மிளகாய் வத்தலில் பொடிசாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

"யாருக்குங்க இம்புட்டு வத்தலு? அங்கன கெடைக்காதா?" என்றாள் மனைவி.

"ஒருத்தரு வச்சிருந்தத நான் தின்னுபுட்டேன்" என்றேன்.

திரும்பி வந்து அவர் டப்பாவை நிரப்பினேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதியத்தில் டப்பா வெளியே வரவில்லை. கேட்டால், அறையில் சமைக்கும்போது போட்டுக்கொள்வதாகச் சொல்வார். நானும் நம்பினேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவர் வேலை கலாஸ். கிளம்பிய அன்று டப்பாவை என் கையில் வைத்து, "உன் ஊர் மிளகாய். உன்னிடம் இருக்கட்டும்" என்றார். அவர் போனபின் திறந்தேன். நான் நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது.

அன்று மதியம் தனியாக உட்கார்ந்து, அதில் இரண்டை மட்டும் நசுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டேன். என் அடுத்த லீவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.