கதவுக்கு ஒரு லைசென்ஸ்

கிளர்ச்சிக்காரன் தொழிலில் முதலாளியின் வசவு சம்பளம், சக தொழிலாளியின் கேலி மேல்வரும்படி. இரண்டையும் வாங்கியிருக்கும் தோழர்களே, கேளுங்கள்.

தேங்காய்க் காப்பு

சிங்கப்பூருக்கு வடக்கே, தம்போய்ப் பக்கம் ஓர் அன்னாசி ஆலை. நான் அங்கே கொதிகலனுக்கு விறகு தள்ளினேன். மிச்ச நேரத்தில் துண்டுப் பிரசுரம் எழுதினேன். கொதிகலன் அறைக்குச் சங்கிலியால் தூக்கும் இரும்புக் கதவு. அதன் அடியில் நின்று தேய்ந்த உருளையை மாற்றுவது சூசையின் வேலை. கதவைத் தாங்க ஒரே ஒரு மரமுட்டு, அதுவும் உளுத்தது. முன்பு அந்த வேலை பார்த்தவன் ஒரு காலோடு ஊர் திரும்பியிருந்தான்.

ஒவ்வொரு முறையும் எங்களை மேய்க்கும் மண்டோர் ராமசாமி கதவுக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைப்பார். "ஒடைச்சாச்சு, பயப்படாம போடா" என்பார். சூசை கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு கேட்டான்: "கதவு இந்துவா, வேதக்காரனான்னு கேட்டீங்களா, மண்டோர்?"

திருட்டு முளை

தூக்கிய கதவின் அடியில் இரண்டு பக்கமும் இரும்பு முளை செருகிப் பூட்டும் கருவி ஒன்று சிங்கப்பூர்க் கம்பெனியிடம் இருந்தது. சாவி, கீழே போகிறவன் மடியில் இருக்கும்; அவன் வெளியே வரும்வரை வேறு யாரும் கதவை இறக்க முடியாது. அதே மாதிரி அடித்துத் தருவதாகச் சீனக் கொல்லர் ஒருவர் சொன்னார். கம்பெனியின் லைசென்ஸ் இல்லாமல் அடித்தால் திருட்டு என்றார் ஆலையின் வெள்ளைக்காரத் துரை. லைசென்ஸ் வாங்கவும் அவருக்கு மனமில்லை.

உழைப்பைத் திருடுகிறவரா திருட்டைப் பற்றிப் பேசுவது என்று முழங்கினேன். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதை மொழிபெயர்க்காமல் என் காதில் சொன்னார்: "முளைக்குத்தான்யா லைசென்ஸ் வேணும். சூசைக்கு வேணாமே, அதான் அவனையே நிக்க வைக்கிறாங்க."

சாவி

சூசை கதவடியில் போக மறுத்தான். அவனோடு எல்லாரும் வேலையை நிறுத்தினோம். கொதிகலன் ஆறியது, அன்னாசி அழுகியது. நாற்றம் துரையின் பங்களாவை எட்டியதும் லைசென்ஸ் கையெழுத்தாகி, கம்பெனி ஆளே முளைகளோடு வந்திறங்கினார். மண்டோர் முளைகளுக்கும் ஒரு தேங்காய் உடைத்தார்.

கம்பெனி ஆள் தூக்கிய கதவில் முளைகளைப் பூட்டிச் சாவியைச் சூசையிடம் கொடுத்தார். "மொதல்ல தொரை நிக்கட்டும் லா" என்றான் சூசை. கிராணி இந்த முறை மொழிபெயர்த்துவிட்டார். கம்பெனி ஆள் முன்னால் மறுக்க முடியாமல் துரை போய் நின்றார். நின்ற பிறகுதான் சாவியின் ஞாபகம் வந்தது போலும், கையை நீட்டினார். சூசை சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டான். "பயப்படாதீங்க தொரை, தேங்காய் ஒடைச்சாச்சு."

என் முழக்கத்துக்கு அசையாத கதவை அழுகிய அன்னாசி அசைத்தது என்பதை மட்டும் நான் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டதில்லை.