எண்ணூர் பஸ்ஸுக்கு யார் ரைட் சொல்வது?

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து ஓட்டும் கரி பஸ் எண்ணூரில் புகைந்துகொண்டு நிற்கிறது. கண்டக்டர் காதருக்கு ‘ரைட்டு’ என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தை போதும். டிக்கெட் கொடுத்தாலும் ரைட்டு, டீ வந்தாலும் ரைட்டு, தெரிந்தவர் விடைபெற்றுப் போனாலும் ரைட்டு. சரி, ஆகட்டும், போய் வாருங்கள் என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் இதிலேயே முடித்துவிடுகிறார். ஆனால் பஸ் கிளம்ப வேண்டுமென்றால் தகரத்தைத் தட்டிச் சொல்ல வேண்டும். அதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறார்.

பொறுமை போய் நானே தகரத்தைத் தட்டி, “ரைட்” என்கிறேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ தட்னா நவராது சார்,” என்கிறார் காதர். “முகத்துவாரக்குப்பத்து மேரியம்மா வந்துகினு கீது. அட்த்த பஸ்ஸு மதியானந்தான். அதுவரிக்கும் மீனு இன்னாத்துக்கு ஆவும்?”

மணலில் ஒரு பெண் கூடையோடு ஓடிவருகிறாள். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கிப்போய்க் கூடையை வாங்கிக் கூரைமேல் ஏற்றுகிறார்கள். மேரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மெதுவாகச் சொல்கிறாள்.

“ரைட்டு.”

தகரத்தை யாரும் தட்டவில்லை. பஸ் கிளம்புகிறது.